துப்பாக்கி சரியாக வெடித்தது

ஆஸ்கர் நைமனுக்கு வாரம் ஒரு கொலை. வியாழக்கிழமை மாலை எட்டு மணிக்கு, கார்வெல் நகர வானொலி நிலையத்தின் மூன்றாம் கூடத்தில், வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியோடு தயாராக நிற்பான். நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று காகிதத்தைப் பார்த்துப் படிப்பார்கள். கதவைச் சாத்துவது, மாடிப்படி ஏறுவது, நீதிபதியின் சுத்தியலைத் தட்டுவது, யாரையாவது சுட்டுத் தள்ளுவது எல்லாம் ஆஸ்கர் பாடு. நிகழ்ச்சியின் பெயர் 'சாட்சிக் கூண்டு'. அதை நடத்தியது ஒரு சோப்புத்தூள் கம்பெனி. அரை மணி நேரத்துக்குள் ஒரு கொலை, ஒரு கைது, ஒரு விசாரணை, ஒரு தீர்ப்பு. நடுவில் இரண்டு தடவை வெள்ளை வெளேரென்ற போர்வைகளைப் பற்றிய பேச்சு. இருபது ஊர் நிலையங்கள் அதை அப்படியே வாங்கி ஒலிபரப்பின. கேட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்று கம்பெனி சொல்லிக்கொண்டது. கம்பெனிகள் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் அது பெரிய கூட்டம்தான்.

துப்பாக்கிக் காட்சி இருந்தால் கையில் இரண்டு துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஒன்று மக்கர் செய்தால் மற்றது இருக்கும். 1938 பிப்ரவரி பத்தாம் தேதி ஆஸ்கர் அந்த விதியைக் காற்றில் விட்டான். பக்கத்துக் கூடத்தில் கௌபாய் நாடகம். அவர்களுக்கு எத்தனை துப்பாக்கி இருந்தாலும் போதாது. ஒன்று கொடேன் என்று வந்து நின்றார்கள், எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொடுத்துவிட்டான்.

எட்டு மணி பத்தொன்பது நிமிடத்துக்கு வில்லன் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னான். ஆஸ்கர் விசையை அழுத்தினான். வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். அப்போதும் இல்லை. நேரடி ஒலிபரப்பில் இரண்டு வினாடி மௌனம் என்றால் அது இரண்டு வருஷம். சுட வேண்டியவன் சுடவில்லை, சாக வேண்டியவள் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறாள். சுவரோரம் நாற்காலியிலிருந்து கழன்ற ஒரு பழைய தோல் இருக்கை கிடந்தது. மெல்லிய மரச்சட்டம் ஒன்றை எடுத்து அதன் மேல் ஓங்கி இரண்டு அடி அடித்தான். மைக்கோ நாலு அடி தள்ளி இருந்தது. சத்தம் தொம், தொம் என்று சப்பென்று விழுந்தது. அதோடு போயிற்றா என்றால் இல்லை. அடித்த வேகத்தில் முழங்கை பட்டு, தோட்டா வைத்திருந்த பிஸ்கட் டின்னின் மூடி கீழே விழுந்தது. விழுந்த மூடி வட்டமடித்து உருண்டு, தள்ளாடித் தள்ளாடி, தன் சாவகாசத்துக்கு அடங்கியது. நடிகை ஒருவழியாக அலறிச் செத்தாள். நாடகம் தொடர்ந்து போயிற்று.

நிகழ்ச்சி முடிந்ததும் கண்ணாடி அறையிலிருந்து இயக்குநர் கிளேட்டன் ருட் இறங்கி வந்தார். ஒவ்வொரு வாரமும் எந்தச் சத்தம் எந்த நிமிடத்தில் வந்தது, சரியாக வந்ததா என்று ஒரு தாளில் எழுதி, இயக்குநரின் கையெழுத்தோடு சோப்புத்தூள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்கருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவனை, துப்பாக்கி ஒரு தடவை பிந்தி வெடித்ததற்காகவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"என்ன எழுதப் போற?" என்றார் ருட்.

"நடந்ததைத்தான்."

"நடந்ததை எழுதினா நாளைக்கு நீயும் நானும் தெருவுல நிப்போம். ரெண்டாவது துப்பாக்கி எங்கேன்னு கேப்பான், என்ன சொல்லுவ? சரியா வெடிச்சதுன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

ஆஸ்கர் எழுதினான். '8.19. இரண்டு குண்டு. துப்பாக்கி சரியாக வெடித்தது.' ருட் கையெழுத்துப் போட்டார். ஒரு தாளில் ஒரு வரி. இதனால் யார் குடி முழுகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு ஆஸ்கர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினான்.

அக்டோபர் கடைசியில் எலோயிஸ் பார் ஒரு கட்டுக் காகிதத்தோடு அவனைத் தேடி வந்தாள். 'சாட்சிக் கூண்டு'க்கு வாராவாரம் எழுதுகிறவள் அவள்தான். நிஜ வழக்குகளின் நீதிமன்றப் பதிவை வாங்கி, பெயரை மாற்றி, மசாலா சேர்த்து நாடகமாக்குவாள். சத்தம் சம்பந்தமான பக்கங்களைத் தனியாக எடுத்து ஆஸ்கரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது அவள் வழக்கம். இந்தத் தடவை அவள் கையில் இருந்தது வென்செல் குபாத்தின் வழக்கு. அதே ஊர்க்காரன், ரொட்டி அடுப்பில் வேலை. மனைவி லுட்மிலாவைச் சுட்டுக் கொன்றதாக மே மாதம் தீர்ப்பாகி, நவம்பர் பதினெட்டாம் தேதி விடியற்காலை மின்சார நாற்காலி என்று நாள் குறித்திருந்தார்கள். பதினேழாம் தேதி வியாழக்கிழமை. முந்தின நாள் மாலையே நாடகம் போட்டால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் என்று கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். வெட்கம் என்பது போர்வை வெளுக்க உதவாத சரக்கு.

ஆஸ்கர் அதைச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு துண்டு ஆப்பிள் பையும் காப்பியுமாக உட்கார்ந்து படித்தான். விவகாரம் இதுதான். பிப்ரவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை மாலை குபாத் எட்டரை வரை வீட்டில் இருந்தான். பிறகு செக்கோஸ்லோவாக்கியர் சங்கத்துக்குப் போய்ப் பதினொரு மணி வரை பந்து உருட்டி விளையாடினான். அங்கே அவனை முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் மனைவி சமையலறையில் பிணமாகக் கிடக்கிறாள், உடம்பில் இரண்டு குண்டு. எட்டிலிருந்து பத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் செத்திருக்கலாம் என்றார் மருத்துவர். ஆகவே எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. சுட்டது எட்டரைக்கு முன்னாலா, பின்னாலா?

அதற்குப் பதில் சொன்னவள் அடுத்த வீட்டு டெல்ஃபின் ரோர்க். கணவனை இழந்தவள், சொந்தமாக ரேடியோ கிடையாது. குபாத் வீட்டு ரேடியோவைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொள்வாள். அன்று குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் வசனம் எதுவும் காதில் விழவில்லை. ஆனால் எட்டு இருபது வாக்கில் தொம், தொம் என்று இரண்டு சத்தமும், பிறகு ஏதோ வட்டமான பொருள் தரையில் உருண்டு வெகுநேரம் தள்ளாடி அடங்கியதும் கேட்டன என்றாள். போலீசார் பிணத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்திர மூடி கிடந்ததாகச் சொன்னார்கள். எந்தச் சமையலறையில்தான் மூடி கிடக்காது. அவள் எட்டே முக்காலுக்குச் சீட்டாட அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடந்தாலும் கேட்க ஆளில்லை.

குபாத்தின் வக்கீல் கெஸ்லர் மடையர் இல்லை. அது ரேடியோவில் வந்த துப்பாக்கிச் சத்தமாக இருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். ரோர்க்கின் பதில் அப்படியே பதிவாகியிருந்தது.

"வாராவாரம் கேக்கறவ நான். ரேடியோ துப்பாக்கி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? சாட்டையால அடிச்ச மாதிரி சுரீர்னு இருக்கும். இது யாரோ கம்பளத்தைப் போட்டுத் தட்டின மாதிரி இருந்தது."

தலையணையை வைத்து அழுத்திச் சுட்டால் அப்படித்தான் சத்தம் வரும் என்று அரசு வக்கீல் எடுத்துக் கொடுத்தார். அடுத்து குபாத்தே கூண்டில் ஏறியிருந்தான்.

"அது ரேடியோல வந்ததுங்க. துப்பாக்கி வெடிக்கல, யாரோ எதையோ போட்டு அடிச்சாங்க. அப்புறம் ஒரு மூடி உருண்டுச்சு. அது நிக்கவே இல்ல. லுட்மிலாவுக்குச் சிரிப்பு தாங்கல. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா."

ஆஸ்கர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். அடுத்த பக்கத்தில் அரசு வக்கீல் ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டியிருந்தார். வானொலி நிலையம் அனுப்பிவைத்த தாள். 'இரண்டு குண்டு. துப்பாக்கி சரியாக வெடித்தது.' ஆகவே ரேடியோவில் மூடியும் உருளவில்லை, ஒரு மண்ணும் உருளவில்லை. குற்றவாளி கதை கட்டுகிறான். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் நாற்பது நிமிடத்தில் முடிவுக்கு வந்திருந்தார்கள்.

லட்சக்கணக்கான பேர் கேட்ட நிகழ்ச்சியில் நடந்ததை நடந்தபடி கேட்டுச் சொன்னவன் ஒருவன். அவனைத்தான் சாகடிக்கப் போகிறார்கள். சாகடிப்பதற்கான சீட்டை எழுதிக் கொடுத்தது தன் கை என்பது ஆஸ்கருக்குப் புரிந்தது.

நேராக ருட்டிடம் போனான். ருட் பக்கத்தைப் படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு மெல்லிய குரலில், நீதிமன்றத்துக்குப் போன தாளைப் பொய் என்று இப்போது சொன்னால் வேலை மட்டும் போகாது, இரண்டு பேரையும் உள்ளே தள்ளுவார்கள் என்றார். மேல்முறையீடு எல்லாம் பார்த்துத்தானே முடிவு செய்திருக்கிறார்கள், அந்த ஆள் வேறு எதிலும் மாட்டாமலா இருந்திருப்பான் என்றார். மே மாதம் அந்தத் தாளை அனுப்பியது நிலையத்தின் அலுவலகம். தனக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னார். அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

ஆஸ்கர் ஒன்பது நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். இந்த ஒன்பது நாளுக்கு எந்தச் சாக்கும் செல்லாது. இரண்டு குழந்தைகள் இருந்தார்கள், வேலை கிடைக்காத காலம், எல்லாம் சரி. அங்கே ஒருவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் மனைவி சிக்னியிடம் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஆளுக்கு என்ன வயசு?"

"முப்பத்தி நாலு."

"உன் வயசுதான்" என்று சொல்லிவிட்டு அவனுடைய கோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

வக்கீல் கெஸ்லர் துள்ளிக் குதிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மே மாதம் நிலையத்துக்கு மூன்று கடிதம் எழுதியதாகவும், மூன்றுக்கும் பதிலாக அந்த ஒரு தாள்தான் வந்ததாகவும் சொன்னார். பிறகு வேலையில் இறங்கினார். அன்று மைக்கைச் சுற்றி நின்ற நடிகர்கள், வேலைக்குப் பயந்து, காகிதத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று நழுவிவிட்டார்கள். தலைநகரத்தில் மன்னிப்புக் குழு பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை கூடுவதாக ஏற்பாடாயிற்று. அதற்குள் பிப்ரவரி பத்தாம் தேதி நிகழ்ச்சியைக் கேட்டவர்களைப் பிடிக்கச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் கதையை வரிக்கு வரி நினைவு வைத்திருந்தார்கள். துப்பாக்கி எப்படி வெடித்தது என்று கேட்டால், அருமையாக வெடித்தது என்றார்கள். ஒரு முடிதிருத்துகிறவர் வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்தும் காட்டினார். சுரீர், சுரீர்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. வில்லன் மிரட்டுகிறான், ஒருத்தி அலறுகிறாள், நடுவில் ஏதோ சத்தம் வருகிறது. மிச்சத்தைக் காதே போட்டுக்கொள்ளும். இந்தத் தொழிலே அதை நம்பித்தான் பிழைக்கிறது. பதினோரு வருஷமாக ஆஸ்கர் அந்தக் காதுகளைப் பழக்கி வைத்திருந்தான். வசனம் கேட்காமல் வெறும் சத்தத்தை மட்டும் கேட்டவள் ரோர்க் ஒருத்திதான். அதனால்தான் அவளுக்கு அது நிஜமாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை தலைநகரத்தில் மழை. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் வயதானவர், நிதானமானவர், முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முதலில் ருட்டைக் கேட்டார்கள். துப்பாக்கி வெடித்தது, அதில் தன் கையெழுத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு ருட் ஆஸ்கரின் பக்கம் திரும்பாமலே போய் உட்கார்ந்தார்.

பிறகு ஆஸ்கர் எழுந்தான். தோல் இருக்கை, மரச்சட்டம், பிஸ்கட் டின் மூன்றையும் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். கெஸ்லர் அழைத்து வந்திருந்த ரோர்க் அம்மாளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவன் இருக்கையைத் தரையில் போட்டு, அன்று அடித்த மாதிரியே இரண்டு அடி அடித்தான். மூடியைத் தட்டிவிட்டான். அது வட்டமடித்து, தள்ளாடி, மன்னிப்புக் குழுத் தலைவரின் மேஜைக்கால் பக்கத்தில் போய் மெதுவாக அடங்கியது.

கதவு திறந்தது. ரோர்க் அம்மாளின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அதேதான். அன்னிக்கு நான் கேட்டது இதேதான். ஐயோ, நான் என்ன சொல்லி வச்சேன்."

கெஸ்லரின் கை ஆஸ்கரின் தோளை இறுகப் பிடித்தது. அந்த ஒரு நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது, ஒருவன் பிழைத்தான் என்று ஆஸ்கர் நம்பினான்.

தலைவர் கனைத்துக்கொண்டார். இந்த வேலையில் எத்தனை வருஷம் என்று கேட்டார். பதினோரு வருஷம் என்றான். குதிரை ஓடுவது மாதிரி, மழை பெய்வது மாதிரி எல்லாம் செய்வீர்களா என்று கேட்டார். செய்வேன் என்றான். அந்த அம்மாள் கோர்ட்டில் சொன்னதைப் படித்துவிட்டுத்தான் வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றான்.

"மிஸ்டர் நைமன், நான் உங்க நிகழ்ச்சியைத் தவறாம கேக்கறவன். உங்க மழைக்குப் பயந்து என் வீட்டு அம்மா ஒரு தடவை ஜன்னலைச் சாத்தியிருக்கா. எதைக் கேக்கணும்னு ஒருத்தர் சொல்றாரோ, அதை அப்படியே அவர் காதுல கேக்க வைக்கிறதுதான் உங்க தொழில். இன்னிக்கும் அதைத்தான் செஞ்சீங்க. ரொம்ப நல்லாவே செஞ்சீங்க. ஆனா பிப்ரவரி மாசம், யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லாத நேரத்துல, உங்க கையால நீங்க எழுதின தாள் ஒண்ணு என் முன்னால இருக்கு. அதை விட்டுட்டு நான் இதை எப்படி நம்பறது?"

ஆஸ்கர் வாயைத் திறந்தான். ஆதாயம் இருந்தது, வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, அதனால் பொய் எழுதினேன் என்றான். அப்படியானால் பொய் எழுதுகிறவன் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள் என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் குறித்துக்கொண்டார். குழு கூடிப் பேச இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. மனு தள்ளுபடி.

திரும்பும் ரயிலில் கெஸ்லர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். மூடியைப் பற்றிச் சொல்ல ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது என்று முந்தின நாள் சிறையில் குபாத்திடம் சொன்னாராம். குபாத், அப்போ அவள் சிரித்ததை நான் கனவு காணவில்லை என்றானாம். இத்தனை பேர் சேர்ந்து இல்லை இல்லை என்று சொன்னதில் அவனுக்கே சந்தேகம் வந்திருந்தது. ஆஸ்கர் மடியிலிருந்த டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எதிரே ஆள் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதான்.

நிலையம் அவனை அன்றே அனுப்பவில்லை. வியாழக்கிழமை நிகழ்ச்சிக்கு வேறு ஆளைப் பழக்க நேரம் இல்லை. அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார் ருட். கெஸ்லர் ஆளுநருக்குத் தந்தி மேல் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். மாலை ஏழரைக்கு ஒலிபரப்புக் கூடத்துக்கு வெளியே இருந்த தொலைபேசியில் கூப்பிட்டு, ஆளுநர் தலையிட மறுத்துவிட்டார் என்றார்.

எட்டு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. எலோயிஸ் நீதிமன்றப் பதிவை அப்படியே பின்பற்றி எழுதியிருந்தாள். கணவன் கத்துகிறான், மனைவி கெஞ்சுகிறாள். பிறகு ஒலிக் குறிப்பு: 'மழுங்கிய சத்தம், இரண்டு. மூடி உருள்கிறது.' ரோர்க் அம்மாள் கோர்ட்டில் சொன்னபடி, அரசு வக்கீல் சொன்னபடி. ருட் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரலை நீட்டினார். ஆஸ்கர் மரச்சட்டத்தை ஓங்கி அடித்தான். தொம். தொம். மூடியைத் தட்டிவிட்டான். அது உருண்டது, தள்ளாடியது, அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு பெண் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க வேண்டும். காகிதத்தில் அது இல்லை. நடிகை அலறிச் செத்தாள்.

நாடகத்திலும் பன்னிரண்டு பேர் குற்றவாளி என்றார்கள். ஆஸ்கர் நீதிபதியின் சுத்தியலைத் தட்டினான். போர்வைகள் வெளுத்தன. சிவப்பு விளக்கு அணைந்தது.

ருட் தாளைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் இரண்டு பேர் நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குறை சொல்லிவிட்டார்களாம். துப்பாக்கி சுட்ட மாதிரியே இல்லையாம். ஆஸ்கர் பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினான். '8.19. துப்பாக்கி வெடிக்கவில்லை. தோல் இருக்கையில் மரச்சட்டத்தால் இரண்டு அடி. தகர மூடி உருண்டது.'

ருட் வரியைப் படித்தார். படித்த கண் அங்கேயே நின்றது.

"இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் கடைசியில்.

"இல்ல" என்றான் ஆஸ்கர்.

ருட் கையெழுத்துப் போட்டார். தாள் கம்பெனிக்குப் போகிற உறைக்குள் போயிற்று. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வென்செல் குபாத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.